கீழ் வீட்டின் சம்மதம்

கடலோர நகரான நீகாதாவில் பனி விழுவதற்கு முன்னால் இடி இடிக்கும். அன்று காலையிலிருந்தே கடல் பக்கம் வானம் உறுமிக்கொண்டிருந்தது. ஹிசாயே குடியிருப்பின் கீழ்த்தளத்தில், பராமரிப்பாளர் அறையின் சின்னச் சன்னலுக்கு முன்னால் நின்றாள். உள்ளே ஒகுரி கணப்பைப் பற்றவைக்க முயன்று, அது பற்றாமல், தன் கைகளை ஊதிக்கொண்டிருந்தார். கடன் சங்கம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர். இன்னும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டுதான் வருவார்; யாரையும் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"தரையா?" என்றார். "தரையை மாத்தணுமா? வேற எதையாவது மாத்தக்கூடாதா, குத்சுனா சான்? திரைச்சீலை, விளக்கு... தரைன்னு சொன்னாலே மொத்தக் கட்டடமும் சண்டைக்கு வரும்."

"திரைச்சீலையில அவரு நடக்க முடியாதே" என்றாள் ஹிசாயே.

ஒகுரி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்று முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

ஹிசாயேயின் கணவர் இவாவோ, சாதோ தீவுக்குப் போகும் கப்பலின் இயந்திர அறையில் ஆயுளைக் கழித்தவர். ஜூன் மழைக்காலத்தில் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து விழுந்தார். பிழைத்தார். பேச்சு மெல்லத் திரும்பியது, கம்பெனிப் பாட்டுகூடப் பாடினார். வலது கால் மட்டும் திரும்பவில்லை. ஊன்றுகோலோடு நடந்தால் அந்தப் பாதம் தூக்கத்தில் நடப்பவனைப் போலத் தரையைத் தேய்த்துக்கொண்டே பின்னால் வரும். நடைப்பயிற்சி மருத்துவமனையில் இந்தக் குளிர்காலத்துக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பனி உருகுவதற்குள் ஒன்று வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு.

"வீட்டுக்கு" என்று இவாவோ சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மருத்துவமனையின் நடைப்பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே வியர்வை சொட்டச் சொட்ட நடந்துகொண்டிருந்தார்.

ஆனால் வீட்டில் இருந்தது கட்டடம் கட்டிய நாளில் சுவருக்குச் சுவர் ஒட்டிய தடித்த கம்பளம். ஒரு வார இறுதிக்கு அவரை அழைத்து வந்து பார்த்தபோது, ஒவ்வோர் எட்டிலும் அந்தப் பாதம் கம்பளத்தில் மாட்டியது. கழிவறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதென்ன தரையா, கடற்பாசியா?" என்றார். அன்று மாலையே மருத்துவமனைக்குத் திரும்பக் கேட்டார். பயிற்சியாளர் ஹிசாயேயைத் தனியாகக் கூப்பிட்டு, தரை மாறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"விதி இதுதான்" என்று ஒகுரி தாள்களை எடுத்து வைத்தார். "கம்பளத்தை எடுத்துட்டுப் பலகை போடலாம். ஆனா சத்தம் அடக்கற பலகைதான் போடணும். பரிசோதனைச் சான்று இருக்கணும். மேல் வீடு, கீழ் வீடு, ரெண்டு பக்கத்து வீடு, எல்லாரோட முத்திரையும் வேணும், வெறும் கையெழுத்து செல்லாது. அப்புறம் நிர்வாகக் குழு. இந்தக் கட்டடத்தோட கான்கிரீட்டு ரொம்ப மெல்லிசு. மேல ஒரு கரண்டி விழுந்தா கீழ சூப்பு கொட்டும்."

"அந்தப் பலகையில ஒரு துண்டைக் கொண்டுபோய்ப் பயிற்சியாளர்கிட்டக் காட்டினேன்" என்றாள் ஹிசாயே. "கட்டைவிரலால அமுக்கிப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க. அடியில பஞ்சு மாதிரி இருக்கு. கால் வச்சா அமுங்குது. அவரோட காலுக்கு இது தரைதான்னு தெரியவே தெரியாதாம். ஆஸ்பத்திரி நடைவழியில போட்டிருக்கற மாதிரி கெட்டியாத்தான் வேணும்னு சொல்றாங்க."

"கெட்டியானது விதிக்குப் புறம்பு."

"எந்த வழியும் இல்லையா?"

ஒகுரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவருக்கு எல்லாம் மனப்பாடம்தான். இருந்தாலும் புரட்டினார்.

"ஒரு வழி இருக்கு. நோய், முதுமை மாதிரி காரணம் இருந்து, கீழ் வீட்டுக்காரங்க இந்தக் கெட்டித் தரைக்குச் சம்மதம்னு தனியா ஒரு தாள்ல முத்திரை போட்டுக் குடுத்தா, குழு விதிவிலக்கு தரலாம். 'தரலாம்'னுதான் இருக்கு. கீழ் வீடு யாரு உங்களுக்கு?"

கேட்டுவிட்டு அவரே பெருமூச்சு விட்டார். "மகபே சான்."

---

மகபே நகராட்சி அலுவலகத்தில் குடியிருப்புப் பதிவுச் சன்னலில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குப்பையைக்கூட மூலைக்கு மூலை மடித்து வைப்பவள். அவள் ஒருநாளும் ஒரு குறையும் சொன்னதில்லை. அதுதான் பயம்.

ஹிசாயேயின் மகன் சின்னவனாக இருந்தபோது வீடெல்லாம் குதிப்பான். கம்பளம் இருந்தும் விளக்கு ஆடும். மகபே மேலே வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. புத்தாண்டு அன்று வாழ்த்துச் சொல்ல வந்தவள், அழகாகக் காகிதம் சுற்றிய ஒரு பொதியை நீட்டினாள். "குழந்தைக்குக் குளிருமே" என்றாள். உள்ளே அடிப்பாகம் தடித்த ஒரு ஜோடிச் செருப்பு. வீட்டுக்குள் போட்டுக்கொள்கிற பஞ்சுச் செருப்பு. ஹிசாயே கதவைச் சாத்திவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவமானத்தில் காது சுட்டது. இவாவோ செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தலைமை எஞ்சினியர் பத்து நிமிஷம் கத்துவாரு. இந்தம்மா ஒரு செருப்புல முடிச்சுட்டாங்க" என்றார். மகன் இப்போது நகோயாவில் இருக்கிறான். அந்தச் செருப்பின் நினைப்பு மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

ஹிசாயே இனிப்புப் பயற்றங்கட்டி வாங்கி, கடையிலேயே நல்ல காகிதம் சுற்றச் சொல்லி, எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அழைப்பு மணிக்கு வெகுநேரம் பதில் இல்லை. பிறகு கதவு திறந்தது. உள்ளே விளக்கு போடவில்லை. மகபே ஹிசாயேயின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில், தோளுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்தாள்.

"குத்சுனா" என்று ஹிசாயே குனிந்து வணங்கினாள். "மேல் வீடு. எப்பவும் தொந்தரவு குடுத்துக்கிட்டே இருக்கோம்."

"தொந்தரவா? ஒண்ணும் இல்லையே. இப்போ ரொம்ப அமைதியா இருக்கு."

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஹிசாயேவுக்குத் தெரியவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள். கால், கம்பளம், கெட்டித் தரை, விதிவிலக்கு. சொல்லிக்கொண்டு போகப் போகத் தன் குரல் பிச்சை கேட்கும் குரலாக மாறுவது அவளுக்கே கேட்டது. மகபே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்த இல்லாத ஆளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நடக்கறாரா, இவாவோ சான்?"

"நடக்கறாரு. மெதுவா."

"நல்லது. நல்லது." மகபே கையை நீட்டினாள். தாள் அவள் விரலில் பட்ட பிறகுதான் வாங்கிக்கொண்டாள். அதைப் பார்க்கவும் இல்லை. "வச்சுட்டுப் போங்க. நிதானமாப் போடணும். ஒகுரி சான் பெட்டியில சேத்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. ஹிசாயே மாடிப்படியில் நின்று அந்தப் பார்வையை நினைத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கக்கூட மனமில்லை அவளுக்கு என்று தோன்றியது. வெளியே பனி தொடங்கியிருந்தது.

---

மேல் வீடும் பக்கத்து வீடுகளும் உடனே முத்திரை போட்டுக் கொடுத்தன. மகபேயின் தாள் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஒகுரி தொலைபேசியில் கூப்பிட்டார். வந்துவிட்டது என்றார். ஆனால் குரலில் மகிழ்ச்சி இல்லை.

ஹிசாயே இறங்கிப் போனபோது அந்தச் சின்ன அறையில் நிவாவும் இருந்தார். பொய்ப்பற்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கும் இளைஞர். வீட்டுக்கு வீடு மாறும் நிர்வாகக் குழுத் தலைவர் பதவி இந்த வருடம் அவர் வீட்டுக்கு வந்திருந்தது. தலையில் விழுந்த பனியைத் தட்டுவதுபோலத்தான் அவர் அந்தப் பதவியைப் பார்த்தார். எப்போது மார்ச் முடியும், அடுத்த வீட்டுக்குப் போகும் என்று.

"முத்திரை இருக்கு" என்றார் ஒகுரி. தாளை மேசையில் ஹிசாயே பக்கமாகத் திருப்பி வைத்தார். "பாருங்க."

சிவப்பு வட்டம் பெரிதாக இருந்தது. சாதாரணமாகப் பொதி வாங்கப் போடும் சின்ன முத்திரை இல்லை. அரசாங்கத்தில் பதிவு செய்த, வீடு வாங்கும்போதும் சொத்து எழுதும்போதும் வெளியே எடுக்கிற பெரிய முத்திரை. பெயரைச் செதுக்கிய பழைய எழுத்து, கொடிபோலச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஹிசாயேவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இருக்கே" என்றாள்.

ஒகுரி தாளைத் தலைகீழாகத் திருப்பினார். இப்போது எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. மகபே.

கணப்பு அனல் கக்கிக்கொண்டிருந்தது.

"தவறுதலா இருக்கும்" என்றார் நிவா. "அவசரத்துல..."

"யாரு? மகபே சானா?" ஒகுரி வருத்தமாகச் சிரித்தார். "தலைவரே, அந்தம்மா நகராட்சியில லட்சக்கணக்கான முத்திரையைச் சரிபாத்தவங்க. ஒரு நூல் சாஞ்சிருந்தாக்கூடத் திருப்பி அனுப்புவாங்க. நானே அப்படித் திருப்பி வாங்கியிருக்கேன் அவங்ககிட்ட. அவங்க தலைகீழாப் போட்டா, தலைகீழாப் போட்டதுதான்."

"அப்படின்னா?"

"உங்க வயசுக்குத் தெரியாது. எங்க கடன் சங்கத்துல, பிடிக்காத கடனுக்கு மேலிடத்துல இருந்து 'போடு'ன்னு வரும். போடாம இருக்க முடியாது. அப்போ சில பேரு தலைகீழாப் போட்டு அனுப்புவாங்க. போட்டாச்சு, ஆனா என் மனசு இதுல இல்லைன்னு அர்த்தம். சொல்லாமச் சொல்றது." அவர் ஹிசாயேயைப் பார்த்தார். "அதுவும் பெரிய முத்திரை வேற. பெட்டியைத் திறந்து, பட்டுப்பையை அவுத்து, எடுத்து, யோசிச்சு..."

ஹிசாயே செருப்பை நினைத்தாள். விளக்கு போடாத அறையையும், தோளுக்கு அந்தப் பக்கம் போன பார்வையையும் நினைத்தாள். நிதானமாப் போடணும் என்றாளே.

"சட்டப்படி இது செல்லும்" என்றார் நிவா. மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினார். "செல்லும்தான். ஆனா..."

அந்த 'ஆனா' அறைக்குள் அப்படியே நின்றது.

"அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டா?" என்று நிவாவே மறுபடி இழுத்தார்.

"கேட்டா என்ன சொல்லுவாங்க? 'ஐயோ, தப்பா விழுந்துடுச்சு, நேராப் போட்டுத் தரேன்'னு சொல்லுவாங்க" என்றார் ஒகுரி. "சொல்லித்தானே ஆகணும்? முகத்துக்கு நேரா நின்னு கேட்டா, நோயாளி வீட்டுக்காரங்ககிட்ட முடியாதுன்னு எந்த மனுஷி சொல்லுவா? கழுத்தைப் பிடிச்சுக் கேக்கற மாதிரி ஆயிடும்."

அது உண்மை என்று ஹிசாயேவுக்குத் தெரிந்தது. நாற்பது வருடமாக ஒருத்தியின் தலைக்கு மேல் நடந்திருக்கிறார்கள். இனிமேல் ஓர் ஊன்றுகோலும் தேயும் காலும், இரவு கழிவறைக்குப் போகும்போதும், கெட்டித் தரையில், அவள் படுக்கைக்கு நேர் மேலே.

"நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள்.

நிவாவின் தோள் நிம்மதியில் இறங்கியது. அவர் நல்லவர்தான். ஆனால் அந்தத் தோள் இறங்கியதை அவரால் மறைக்க முடியவில்லை.

"சத்தம் அடக்கற பலகையே போட்டுக்கறேன். அதுக்கு முத்திரை நேரா இருக்கணும்னு இல்லையே?"

"அது விதிப்படி. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் ஒகுரி. எழுந்து குனிந்து வணங்கினார். "பெரிய மனசு உங்களுக்கு, குத்சுனா சான்."

பயிற்சியாளரிடம் ஹிசாயே கெஞ்சினாள். சுவரெல்லாம் கைப்பிடி வைக்கிறேன், கம்பளத்தைவிட இது மேல்தானே என்றாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

---

இவாவோ வந்த அன்று பனி நின்று, வானம் ஈரச் சாம்பல்போல இருந்தது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, வெளிர் மரநிறத்தில் பளபளத்த தரையைப் பார்த்தார். ஊன்றுகோலை முதலில் வைத்தார். பிறகு இடது கால். பிறகு வலது காலை இழுத்து வைத்து, அப்படியே நின்றார்.

"கப்பலை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா?" என்றார்.

"ஆடுதா?"

"ஆடலை. அமுங்குது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பினதும் காலுக்குக் கீழ இருக்கற கெட்டி போயிடுமே, அந்த மாதிரி." பல் தெரியச் சிரித்தார். "பரவாயில்லை. எனக்குப் பழக்கம்தான்."

கெட்டித் தரை ஏன் போடவில்லை என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார். ஹிசாயே முத்திரையைப் பற்றிச் சொன்னாள். அவர் ஊறுகாய் முள்ளங்கியை வெகுநேரம் மென்றார்.

"மகபே சான் அப்படி நினைச்சா அப்படித்தான்" என்றார். "நம்ம பையன் குதிச்ச குதிக்கு அந்தம்மா எப்பவோ நம்மளைக் கொலை பண்ணியிருக்கணும். செருப்போட விட்டாங்க."

முதல் சில நாட்கள் நடந்தார். சன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து மேசைக்கு. ஒவ்வொரு முறை வலது காலை வைக்கும்போதும் முகத்தில் ஒரு சந்தேகம் வரும். படி இருக்கும் என்று நினைத்து இல்லாத படியில் கால் வைத்தவனின் முகம். "கீழ என்ன இருக்குன்னு இந்தக் காலுக்குச் சொல்ல மாட்டேங்குது" என்றார் ஒரு நாள். ஆஸ்பத்திரியில் ஊன்றுகோலின் டக் டக் சத்தத்தை எண்ணித்தான் அவர் நடப்பாராம். இங்கே ஊன்றுகோலுக்குச் சத்தமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலி சன்னல் பக்கம் நிரந்தரமானது. அதில் உட்கார்ந்து, கட்டடங்களுக்கு நடுவே விரல் அகலத்துக்குத் தெரியும் கடலைப் பார்ப்பார்.

"நடக்கலையா?" என்பாள் ஹிசாயே.

"அலை அடங்கட்டும்" என்பார்.

பிப்ரவரி முடிகிற சமயம், ஒரு பிற்பகல், ஹிசாயே சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். புகை போக்கும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வறுத்து முடித்து, முள்ளங்கி துருவி, சேப்பங்கிழங்குக் கூட்டைச் சூடாக்கி, விசிறியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. தூங்குகிறார் என்று நினைத்து, தேநீரும் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அவர் மேசைக்கும் கதவுக்கும் நடுவே பக்கவாட்டில் கிடந்தார். கண் திறந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. சமையலறைக்குத்தான் வரப் பார்த்திருக்கிறார். மீன் வாசனை வந்ததும் எழுந்தாராம்.

"எவ்வளவு நேரமா? ஏன் கூப்பிடலை? தரையைத் தட்டியிருக்கலாமே!"

"தட்டினேன்." மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "சத்தமே வரலை. நல்ல தரை."

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. அறுவைக்குப் பிறகு அவர் கம்பிகளுக்கு நடுவே நிற்க மறுத்தார். பிடிவாதமாக இல்லை. மிக மரியாதையாக, பயிற்சியாளர் மனம் நோகாதபடி, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்றார். நாளைக்கும் அதையே சொன்னார். செர்ரி மொட்டுவிடும்போது அவரை ஷினானோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே தரை கெட்டியாக இருந்தது. அவர் சக்கர நாற்காலியில் இருந்தார்.

---

ஏப்ரலில் ஒகுரி சன்னல் வழியாக ஹிசாயேயைக் கூப்பிட்டார். இந்த நிலையில் கேட்கக்கூடாதுதான், ஆனால் கோப்பு மூடப்படவில்லை என்றார். வேலை முடிந்து சில மாதம் கழித்து, சத்தத்தால் இடைஞ்சல் இல்லை என்று கீழ் வீட்டிலிருந்து ஒரு முத்திரை வாங்க வேண்டும். விதி.

ஹிசாயே மறுபடியும் பயற்றங்கட்டி வாங்கிக்கொண்டு போனாள். இந்த முறையும் விளக்கு இல்லை. மகபே அவள் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"குத்சுனா சானா? குரல்ல தெரிஞ்சுது. உள்ள வாங்க, வாங்க. எவ்வளவு நாளாக் கேக்கணும்னு இருந்தேன். இவாவோ சான் எப்போ வர்றாரு?"

ஹிசாயே வாசலிலேயே நின்றாள். "வந்தாரே. ஜனவரியிலயே வந்துட்டாரு."

"வந்தாரா?" மகபேயின் கை கதவுச் சட்டத்தைப் பிடித்தது. "மேல ஒரு சத்தமும் இல்லையே! ஊன்றுகோல் சத்தம் கேட்டா உடனே மேல வந்து பாக்கணும்னு, புளிப்புப் பழம் ஊற வச்ச மதுகூட எடுத்து வச்சிருந்தேன். கெட்டித் தரைன்னீங்களே. கேக்கும்னு நினைச்சேன். கேக்கலைன்னதும், பாவம், இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காருன்னு..."

ஹிசாயே நடந்ததைச் சொன்னாள். விழுந்ததையும் இல்லத்தில் சேர்த்ததையும். தரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மகபே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்கள் நிறைந்தன. அந்தக் கண்கள் தன் முகத்தைத் தேடியும் பிடிக்க முடியாமல் நழுவுகின்றன என்பதை ஹிசாயே அப்போதுதான் கவனித்தாள்.

தாளைப் பற்றிச் சொன்னதும் மகபே சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே உள்ளே போனாள். பட்டுப்பையோடு வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஹிசாயே உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு உதவி பண்ணுவீங்களா? யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லுங்க."

"எனக்குக் கண்ணு போயிடுச்சு. போன இலையுதிர் காலத்துல ஆரம்பிச்சுது. நடுவுல கறுப்பா ஒரு பொட்டு. நேராப் பாத்தா ஒண்ணும் இல்லை. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும், அதனாலதான் இப்படித் திருடி மாதிரி பக்கத்துல பாத்துப் பேசறேன். தெரிஞ்சா என் தம்பி மகன் வந்து இல்லத்துல போட்டுடுவான். அடுப்பு, நெருப்பு, தனியா இருக்கறாளேன்னு குழுவும் பயப்படும். நான் இங்கயே இருக்கணும், குத்சுனா சான்."

பையைத் திறந்து முத்திரையை எடுத்தாள். கறுப்புக் கொம்பில் செதுக்கியது. அதை விரல்களுக்கு நடுவே உருட்டினாள்.

"சின்ன முத்திரையில பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கும். விரலை வச்சா எது மேல எது கீழன்னு குருடிக்குக்கூடத் தெரியும். இதுல அது கிடையாது. பெரிய முத்திரைக்குப் பள்ளம் வைக்க மாட்டாங்க. அவசரப்படாமப் பாத்துப் போடணும்னு."

"சின்னதையே போட்டிருக்கலாமே... அன்னைக்கு" என்றாள் ஹிசாயே. குரல் எங்கிருந்தோ வந்தது.

"எடுத்தேன். எடுத்துட்டுத் திரும்ப வச்சுட்டேன். ஒரு மனுஷன் நடந்து வீட்டுக்கு வர்றதுக்கான தாள். தபால்காரன்கிட்ட ஊறுகாய்ப் பொதி வாங்கறதுக்குப் போடற முத்திரையையா அதுல போடறது?" அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "ஒரு வாரம் யோசிச்சேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்டிக் கேக்கலாம்னா, தெரிஞ்சுடும். கடைசியில மனசுல நினைச்சுக்கிட்டுப் போட்டேன். வட்டத்துக்குள்ள விழுந்துச்சா? நேரா இருந்துச்சா? அதுவே எனக்கு உறுத்திக்கிட்டு இருக்கு. அவ்வளவு வருஷம் சன்னல்ல உக்காந்தவ, கோணலாப் போட்டான்னா..."

வெளியே எங்கோ குழந்தைகள் பள்ளி விட்டுப் போகும் சத்தம் கேட்டது. ஹிசாயே மகபேயின் விரல்களுக்கு நடுவே இருந்த அந்தக் கறுப்புக் கொம்பைப் பார்த்தாள்.

"நேராத்தான் விழுந்துச்சு" என்றாள்.

மகபேயின் முகம் தளர்ந்தது. "அப்பாடா" என்றாள். முத்திரையை ஹிசாயேயின் பக்கம், கொஞ்சம் தள்ளி, காற்றில் நீட்டினாள். "இதையும் நேராப் பிடிச்சுக் குடுங்க. அமுக்கறது நானே அமுக்கறேன்."

ஹிசாயே முத்திரையின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து, சிவப்பு மையில் தொட்டு, மேல் பக்கத்தை மேலாக வைத்து, அந்த மெலிந்த விரல்களுக்குள் பொருத்தினாள். தாளில் இருந்த வட்டத்துக்கு நேராக அந்தக் கையைக் கொண்டுபோனாள். மகபே உடம்பின் பாரம் முழுவதையும் வைத்து அமுக்கினாள்.

---

ஒகுரி தாளை வாங்கி, கண்ணாடியைக் கீழே இறக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா!" என்றார். "இந்தத் தடவை நேரா வச்சிருக்காங்க. நூல் பிடிச்ச மாதிரி. மனசு ஆறிடுச்சு அவங்களுக்கு. நீங்க விட்டுக் குடுத்தது வீண் போகலை, குத்சுனா சான்."

ஹிசாயே வாயைத் திறந்தாள். யார்கிட்டயும் சொல்லக்கூடாது என்ற குரல் காதில் இருந்தது.

"ஆமா" என்றாள்.

ஒகுரி தாளைக் கோப்பில் துளையிட்டுச் சேர்த்தார். தலைகீழ் முத்திரை போட்ட தாளும் அதே கோப்பில், இரண்டு தாளுக்குக் கீழே இருந்தது. கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, இவாவோ சானை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

மாடியேறி வந்து ஹிசாயே காலணியைக் கழற்றினாள். அறை முழுக்க மாலை வெயில் அந்த வெளிர்மரத் தரையில் விழுந்து கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லாத தரை. அவள் கதவிலிருந்து மேசைக்கு நடந்தாள், மேசையிலிருந்து சன்னலுக்கு நடந்தாள். பிறகு குதிகாலைத் தூக்கி, சின்னக் குழந்தைகள் கோபத்தில் செய்வதுபோல, முழு பலத்தோடு தரையை மிதித்தாள். இன்னொரு முறை மிதித்தாள். தரை கொஞ்சம் அமுங்கி, மெதுவாக மேலே வந்தது. கீழே மகபே அந்நேரம் தலையைச் சாய்த்துக் கூரையைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. மேலே யாரும் இல்லை என்றே அவள் நினைத்திருப்பாள்.